தப்புக் கணக்கு நோட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கிறது. 80 பக்கம், கோடு போட்டது, பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்தது. 2012-இல் வாங்கியது. உள்ளே மூன்று பத்தி போட்டிருக்கிறேன்: தேதி, என்ன தப்பு, எவ்வளவு போச்சு. பி.காம். படித்தவன் வேறு எப்படி எழுதுவான்.

நான் கல்யாணத்துக்கு போட்டோ, வீடியோ எடுப்பவன். கல்யாண வீட்டில் யாராவது "நீங்க இதுக்கு எங்க படிச்சீங்க?" என்று கேட்டால் "நானா கத்துக்கிட்டதுதான் சார்" என்பேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். இன்ஸ்டாகிராமில் கடைப் பெயருக்குக் கீழேயும் அதையே போட்டிருந்தேன். போன ஆடியில், ஆர்டர் எதுவும் இல்லாத ஒரு மத்தியானம், இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படித்து முடித்ததும் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

2009-இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் 2,500 ரூபாய். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுவது, கழுத்தில் பட்டன் போடாமல் வந்தவர்களுக்கு ஃபோட்டோஷாப்பில் கோட்டும் டையும் மாட்டிவிடுவது, மினி-டி.வி. (MiniDV) என்னும் சின்ன வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஒரு மணி நேரக் கேசட் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. அதனால் ஊர்க் கல்யாணங்களையெல்லாம் ஆரம்பம் முதல் கடைசிப் பந்தி வரை பார்த்தேன். அது ஒரு படிப்பு என்று அப்போது தெரியவில்லை, தூக்கம்தான் வந்தது.

முகூர்த்த நாட்களில் சன்-கன் பிடிக்க ஆள் போதாவிட்டால் என்னையும் கூட்டிப்போவார்கள். சன்-கன் என்பது கல்யாண வீடியோவுக்குப் பிடிக்கும் ஹாலஜன் விளக்கு. 1000 வாட். பத்து நிமிஷத்தில் பிடிப்பவனுக்குக் கை காந்தும், மாப்பிள்ளைக்குச் சந்தனம் வழியும். அங்கே வழக்கமாக லைட் பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் லைட் அண்ணன் என்போம். அவர் ஒருநாளும் விளக்கை நேராக முகத்தில் அடித்து நான் பார்த்ததில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திருப்புவார், இல்லாவிட்டால் பந்தலின் வெள்ளைத் துணிக்குத் தூக்கிவிடுவார்.

"மூஞ்சில அடிச்சா மூக்கே இருக்காதுடா, அப்பளம் மாதிரி ஆயிடும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். பல வருஷம் கழித்து யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர், கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஏன் மென்மையாக இருக்கிறது என்று இருபது நிமிஷம் படம் போட்டுச் சொன்னார். எனக்கு அப்பளம்தான் ஞாபகம் வந்தது.

அவர் சொல்லித்தந்த இன்னொன்றை எந்தச் சேனலிலும் பார்த்ததில்லை. தாலி கட்டும் நேரத்தில் ஐயரைப் பார்க்காதே, தவில்காரரைப் பார். தாலித் தட்டு சபையைச் சுற்றி எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து மேடைக்குத் திரும்பிவிட்டது என்றால் இன்னும் கொஞ்ச நேரம்தான். ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் தவில்காரர் நிமிர்ந்து உட்காருவார், கோலை இறுக்கிப் பிடிப்பார். அந்த ஒரு நொடிதான் உனக்கு. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் மாமாக்கள் எல்லோரும் உன் முன்னால் நிற்பார்கள், அட்சதை லென்ஸில் விழும்.

2008-இல் நிக்கான் டி90-யும் கேனான் 5டி மார்க் 2-வும் வந்தபோதே போட்டோ கேமராவில் வீடியோ எடுக்கும் காலம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு அது வந்து சேர மூன்று நான்கு வருஷம் ஆனது. முகம் தெளிவாகவும் பின்னால் இருக்கும் சீரியல் பல்புகள் பெரிய வட்டங்களாகவும் தெரியும் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ஜுரமே வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அத்தான், அங்கே நண்பர் ஒருவர் விற்ற அந்த மாதிரிக் கேமரா ஒன்றை, பழைய டி.எஸ்.எல்.ஆரை, எனக்காக வாங்கி வந்தார். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை நான் தவணையில் வாங்கினேன். ஸ்டுடியோ வேலையை விட்டேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

நோட்டின் முதல் வரி அந்த வருஷம் ஆவணியில் எழுதியது. "டியூப்லைட் கோடு. 4,000."

கேமராவில் ஒரு நொடிக்கு 25 படமா, 30 படமா என்று கேட்டது. 30 என்பது 25-ஐவிட அதிகம்தானே, அதையே வைத்தேன். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, ஆட்டோவில் விட்டேன், அது 1/60 நொடியில் போய் நின்றது. மண்டபம் முழுக்கப் பழைய சோக் வைத்த டியூப்லைட். வீட்டுக்கு வந்து பார்த்தால் வரவேற்பு முழுவதும் திரையில் பட்டை பட்டையாக இருட்டு மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. கேமரா கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கெடவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் 1/50 திறந்திருந்தால் சரியாக இரண்டு துடிப்பு உள்ளே வரும், 1/100 என்றால் ஒன்று. 1/60 வைத்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலாக, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு அளவு வெளிச்சம். கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சென்சாரும் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால் அந்த வித்தியாசம் பட்டையாகத் தெரிகிறது. அமெரிக்காக்காரர்களுக்கு 60 ஹெர்ட்ஸ் மின்சாரம், அவர்களுக்கு 1/60 பொருந்தும். இணையத்தில் நான் தேடிப் பார்த்த அத்தனை பேரும் அமெரிக்காவில் இருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். பெண் வீட்டார் 4,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். நியாயம்தான்.

எப்படிக் கற்றேன் என்று கேட்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்கு முன் என்னைப் போன்றவர்கள் ஒரு வீடியோவைப் பார்க்க பிரவுசிங் சென்டரில் டவுன்லோடு போட்டு, டீ குடித்துவிட்டு வந்து, பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அதனால் நான் அதிகம் படித்தது கேமராவோடு வந்த மேனுவலைத்தான். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று தடவை. இன்றைக்கும் புதிதாக வருகிற பையன்களிடம் அதைத்தான் சொல்கிறேன், ஒருத்தனும் படிப்பதில்லை. ஐயாயிரம் கட்டி ஒருநாள் ஒர்க்‌ஷாப் போவான். அங்கே ஒரு மாடலை நிற்க வைத்து இருபது பேர் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். வெளிச்சத்தை வேறொருவர் அமைத்திருப்பார். மாடலுக்கு அவசரம் இல்லை, ராகுகாலம் இல்லை.

மேனுவலை மூன்று தடவை படித்தும் ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டேன். நோட்டில் அது ஏழாவது பதிவு. 2013, தை.

அந்தக் காலத்து டி.எஸ்.எல்.ஆர்.கள் பலவற்றில் மெமரி கார்டு ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போகாது. என் கேமராவில் 4 ஜி.பி. என்றால் ஏறக்குறைய 12 நிமிஷ வீடியோ. அந்த அளவு வந்ததும் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். சத்தமே வராது, மூலையில் இருக்கும் சிவப்புப் புள்ளி மட்டும் போய்விடும். அதற்கு முன் துண்டு துண்டாக எடுத்துப் பழகியதால் எனக்கு இது தட்டுப்படவே இல்லை. அன்றைக்கு எதையும் தவறவிடக் கூடாது என்று, பெண் கூறைப்புடவை கட்டி மேடைக்கு வந்ததிலிருந்தே நிறுத்தாமல் ஓடவிட்டேன். தட்டு சுற்றி வந்தது. தவில்காரர் நிமிர்ந்தார். சரியான இடத்தில், சரியான உயரத்தில், ஒரு மாமாவும் மறைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். கெட்டிமேளம் முழங்கியபோது சிரித்துக்கூட இருப்பேன். பிறகுதான் பார்த்தேன், சிவப்புப் புள்ளி இல்லை.

போட்டோ எடுக்க வந்திருந்த அண்ணனிடம் தாலி கட்டும் படங்கள் மூன்று இருந்தன. அவற்றை வாங்கி, மெதுவாகப் பெரிதாகிற மாதிரி வைத்து, மேலே நாதஸ்வரம் போட்டு மிக்ஸிங் பண்ணினேன். டிவிடியைக் கொடுக்கப் போன அன்று பெண்ணின் அம்மா டி.வி.யில் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு "அந்த இடத்த மறுபடி போடுங்க தம்பி" என்றார். போட்டேன். மறுபடியும் தட்டு மேடைக்கு வந்தது, படம் நின்றது. இன்னொரு தடவை கேட்கவில்லை. உள்ளே போய் மீதிப் பணத்தை எடுத்து வந்து எண்ணிக் கொடுத்தார், ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. நோட்டில் மூன்றாவது பத்தியில் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

தவறான மெமரி கார்டை ஃபார்மட் அடித்து அழித்த கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும், என்னிடம் இரண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அழிந்த கார்டில் இருந்து படங்களை மீட்கும். அதற்கு நான் கோயில் கட்டலாம். அழிந்துபோனது தெரிந்த நொடியில் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதுவும் எடுக்காமல் கழற்றி வைக்க வேண்டும், அது ஒன்றுதான் விதி. போட்டோக்கள் வந்துவிட்டன, பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக. வீடியோ துண்டுகள் பாதி திறக்கவில்லை. இப்போது கார்டை ஃபார்மட் செய்வதற்கு முன் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏறியிருக்க வேண்டும், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. தின்னும். இரண்டு நாள் கல்யாணத்துக்கு இரண்டு கேமரா வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் பேசும் தொகையில் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பதை நான் கண்டுபிடிக்க நான்கு வருஷம் ஆனது. இ.எம்.ஐ.க்கு ஆடியும் மார்கழியும் தெரியாது என்பதையும் அதே நான்கு வருஷத்தில்தான்.

2015-இல் ஒரு பதிவு: "ஆல்பம். நிறம். 9 ஷீட். 3,150."

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் நிறமாக்க வேண்டும் என்று புத்தி. வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் மேடையில் நின்றால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். நடுவில் நிற்கும் மாநிறப் பெண்ணின் முகம் இருண்டுவிடும். எடுக்கும்போதே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்றியிருக்க வேண்டும். நான் ஏற்றவில்லை. அப்புறம் ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்து முகத்தை மட்டும் ஏற்றினேன். ஸ்டுடியோவில் கற்ற பழக்கம், ஏற்றும்போது கை நிற்காது. "கலர் கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்று கேட்காத வீடு குறைவு என்பதால் கேட்காதவர்களுக்கும் ஏற்றிவிடுவோம்.

அந்தப் பெண் ஆல்பத்தைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டினார். "அண்ணா, கழுத்தும் கையும் என்னுது. மூஞ்சி யாருது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். ஒன்பது ஷீட் மறுபடி பிரிண்ட் போட்டேன், என் செலவில். கோடாக் கம்பெனி பிலிம் காலத்தில் லேப்களுக்கு அனுப்பிய நிறம் சரிபார்க்கும் அட்டையில் பல காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. இதைப் பிறகு படித்தபோது, ஆக, இந்தத் தப்பு எனக்கு முன்னாலேயே தொடங்கியது என்று ஓர் ஆறுதல். ஆனால் கழுத்துக்கு ஒரு நிறமும் முகத்துக்கு ஒரு நிறமும் வைத்தது ஷர்லி இல்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நிறம் ஏற்றித் தருவதில்லை. இரண்டு ஆர்டர் போயிருக்கிறது.

குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் அத்தைகளை, அகலமாகப் பார்க்கும் 18 மி.மீ. லென்ஸ் இழுத்து அகலமாக்கிவிடும். அதற்கும் ஒரு பதிவு உண்டு, அத்தையின் பெயரோடு. வழியைத் தஞ்சாவூரில் இருந்து கற்றேன். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி, 1858-இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கியிருக்கிறார். ஒரு படத்தில் அடங்காததை ஒரே லென்ஸில் திணிக்காமல் துண்டு துண்டாக எடுத்த ஆள். நானும் இப்போது அறுபது பேர் நின்றால் பின்னால் போய், 50 மி.மீ.யில் மூன்று துண்டாக எடுத்து ஒட்டிவிடுகிறேன். "யாரும் அசையாதீங்க" என்று கத்துவது மட்டும் என் தொண்டை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று வாங்கிய அட்வான்ஸ் அத்தனையும் திருப்பிக் கேட்டார்கள். பிறகு 50 பேரோடு கல்யாணம் நடத்தலாம் என்றார்கள். அந்த 50-இல் நானும் ஒரு தலை என்பதால் சில வீடுகளில் மாப்பிள்ளையின் தம்பி போனிலேயே எடுத்துக்கொண்டார்.

அப்போது நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைக்காரர் ஒருவர், ஆன்லைனில் விற்க வேண்டும், படம் எடுத்துத் தர முடியுமா என்றார். ஒரு விளக்குக்கு 150 ரூபாய். எளிய வேலை என்று போனேன். மெருகேற்றிய பித்தளை ஒரு வளைந்த கண்ணாடி. அதில் பட்டறை தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது, நடுவில் கேமராவோடு குனிந்து நிற்கும் நான் தெரிகிறேன். முதல் நாள் எடுத்த 40 படத்திலும் விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தின் வயிற்றில் நான் இருந்தேன்.

லைட் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரும் வேலையில்லாமல்தான் இருந்தார். மறுநாள் ஒரு எட்டு முழ வேட்டியோடு வந்தார். வேட்டியை விளக்கைச் சுற்றிக் கூடாரம் மாதிரிக் கட்டினோம், வெளியில் இருந்து வெளிச்சம் கொடுத்தோம், லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. நான் மறைந்தேன். விளக்கும் மறைந்த மாதிரி ஆகிவிட்டது, எல்லாப் பக்கமும் வெள்ளை பட்டதால் உருண்டையான தண்டு தட்டையாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர், "கல்யாணத்துல பொண்ணுக்குக் கண்ணுக்கு மை போடுறது எதுக்கு?" என்றார். பக்கத்துப் பெட்டிக்கடையில் கறுப்புச் சார்ட் வாங்கி, இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, விளக்குக்கு இரு பக்கமும் கூடாரத்துக்குள் நிறுத்தினோம். பித்தளையின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. தண்டு உருண்டது. அந்த மாதம் 212 விளக்கு எடுத்தோம், பணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். இன்றைக்கு என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு கல்யாணத்துக்கு வெளியே வருகிறது. அது அந்த வேட்டிக்குள் தொடங்கியது.

இன்னொரு பூஜ்யத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஒரு மணப்பெண்ணின் படத்தைக் கேட்காமல் பேஸ்புக்கில் போட்டேன். நல்ல படம், ஆயிரத்துக்கு மேல் லைக். இரவு பதினொரு மணிக்கு அவருடைய அப்பா போன் செய்தார். அந்தப் படத்தின் கீழே யாரோ எழுதிய கமெண்ட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பிறகு நீக்கினேன். என் படம், நான் எடுத்தது என்று மனசுக்குள் ஒரு முனகல் இருந்தது. வக்கீலாக இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான் சொன்னார், 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். நான் இல்லை. ஒன்பது வருஷம் தொழிலில் இருந்துவிட்டு இதைத் தெரிந்துகொண்டேன். இப்போது ஆர்டர் ஃபாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, டிக் அடித்தால்தான் போடுவேன். பாதிப் பேர் அடிப்பதில்லை.

சரி, ஆடி மத்தியானத்துக்கு வருகிறேன். மூன்றாவது பத்தியைக் கூட்டிப் பார்த்தேன். 1,37,400 ரூபாய். ஒரு படிப்புக்கு இது அதிகம் இல்லை, தரமணி திரைப்படக் கல்லூரிக்கு எழுதிப்போட்டுக் கிடைத்திருந்தால் ஆகியிருக்கும் சென்னைச் செலவே இதைவிட அதிகம் என்று முதலில் சந்தோஷம். பிறகுதான் பூஜ்யங்களைப் பார்த்தேன். நோட்டில் இருப்பதிலேயே பெரிய தப்புகளுக்கு நேரே பூஜ்யம் இருந்தது. ஸ்கேலை எடுத்து ஓரத்தில் நாலாவதாக ஒரு பத்தி போட்டு, "யாருக்குப் போச்சு" என்று தலைப்பு எழுதினேன். ஏழாவது பதிவுக்கு நேரே அந்த அம்மாவின் பெயர் ஞாபகம் வரவில்லை. பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து எழுதினேன்.

கடைசிப் பதிவு இந்த வைகாசியில். ஊஞ்சலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, திருஷ்டி கழிக்கும் வண்ணச் சோற்று உருண்டைகளான பச்சைப்பிடியைச் சுற்றும்போது, பெண்ணின் பாட்டி ஊஞ்சல் பாட்டு ஒன்று பாடினார். எண்பது தாண்டியவர். மைக் கம்பி கேமராவில் முழுக்க நுழையாமல் இருந்ததை நான் பார்க்கவில்லை. படம் இருக்கிறது, உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஹெட்போன் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். பாட்டியிடமே கொடுத்தார்கள். "அதுக்கென்னப்பா, ஆத்துக்கு வா, பாடறேன்" என்றார். போனேன். முதலில் காபி குடிக்க வைத்தார். பிறகு மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாடினார், அன்றைக்குப் பாடியதைவிட இரண்டு சரணம் அதிகம். "அன்னிக்குக் கூட்டத்துல மறந்து போயிடுத்து" என்றார். உதடும் பாட்டும் ஒத்துப்போகவில்லை, அதனால் பாட்டியின் முகம் வரும் இடங்களைக் குறைத்து, ஊஞ்சல் சங்கிலியும் பெண்ணின் காலும் ஆடுகிற படங்களின் மேல் பாட்டைப் போட்டிருக்கிறேன். நோட்டில் மூன்றாவது பத்தியில் "பெட்ரோல் 140" என்று எழுதினேன். நாலாவதில், "பாட்டி, இரண்டு தடவை."